பாலும் கறியும் குறைந்த தட்டு, கார் இல்லாத நாட்கள்: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் நின்ற கார்களை எடுத்து வந்து மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு அப்படி, அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் நம் நகரத்தின் மொத்தச் சிக்கலும் அந்தப் படங்களில் இருந்தது. ஏரியையும் சதுப்பு நிலத்தையும் மூடி வீடும் சாலையும் போட்டோம், அந்தச் சாலையை நிரப்பக் கார் வாங்கினோம், உலகம் முழுக்க வண்டிகள் விட்ட புகையும் சேர்ந்து சூடேற்றிய கடலில் இருந்து மழை கொட்ட வரும்போது, கார் நனையாமல் இருக்க பஸ் போகிற பாலத்தை எடுத்துக்கொண்டோம்.

இந்த வழிகாட்டியில் சாப்பாட்டையும் காரையும் சேர்த்தே பேசுகிறேன். அனல்மின் நிலையமும் துறைமுகமும் நம் கையில் இல்லை. தினம் மூன்று வேளை என்ன சாப்பிடுகிறோம், தினம் எப்படிப் போய் வருகிறோம் என்ற இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன. சம்பளம் ஏற ஏற நம் வீடுகளில் கூடிக்கொண்டே போகிறவையும் இவைதான்: முதலில் பைக், அப்புறம் கார், கூடவே வாரம் ஒருமுறை இருந்த கறி நான்கு முறையாவது, பனீர், சீஸ். எனவே கார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க யோசிப்பவர்களுக்கும், நாளைக்கு இரண்டு மூன்று பால் பாக்கெட் வாங்கும் வீடுகளுக்கும் எழுதுகிறேன். வெள்ளை போர்டு பஸ்ஸில் வேலைக்குப் போய், சாதமும் குழம்பும் சாப்பிட்டு வாழும் பெண்ணிடம் சொல்ல இதில் எதுவும் இல்லை. வெயிலும் வெள்ளமும் முதலில் தாக்குவது அவரைத்தான்.

முதலில் கணக்கு

2018இல் சயின்ஸ் இதழில் போர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள், 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனிதர்கள் வெளியிடும், பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 26 சதவீதம் உணவில் இருந்து வருகிறது என்பது அதன் முடிவு. 100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு வாயு வெளியாகிறது என்று உலக சராசரியைப் பார்த்தால், இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் கறிக்கு சுமார் 50 கிலோ, ஆட்டுக்கறிக்கு 20, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2, நிலக்கடலைக்கு 1.2, பருப்பு வகைகளுக்கு 1 கிலோவுக்கும் கீழே. நம் ஊர் ஆடு மேய்ச்சலில் வளர்வதால் எண் கொஞ்சம் மாறலாம். வரிசை மாறாது, ஏனென்றால் அசைபோடும் விலங்கின் வயிற்றில் மீத்தேன் உண்டாவது எந்த ஊரிலும் ஒன்றுதான், நூறு ஆண்டுக் கணக்கில் அந்த மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்குச் சூடேற்றும்.

பாலுக்கும் இது பொருந்தும். உலகத்திலேயே அதிகம் பால் கறக்கும் நாடு இந்தியா, எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசை நாடு. இரண்டும் தனித்தனித் தொழில் இல்லை. பால் வற்றிய எருமையும், பால் தராத ஆண் கன்றும் போகும் இடம் அதுதான். பால் வேண்டும், கறி மட்டும் வேண்டாம் என்று சொல்வதால் விலங்குக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமாவதில்லை.

இனி சாலை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதைவிட என்னை உறுத்துவது சாவுக் கணக்கு: மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி அந்த ஒரு வருடத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். இடக் கணக்கும் இருக்கிறது. ஒரு பஸ்ஸில் போகும் 60 பேர் ஆளுக்கொரு காரில் போனால், முன்னும் பின்னும் விடும் இடைவெளியோடு சேர்த்து 400 மீட்டருக்கு மேல் வரிசை நீளும். அண்ணா சாலையில் தினம் மாலை பார்ப்பது அந்த வரிசையைத்தான்.

சைவப் பெருமை வேண்டாம்

தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்கிறது. இங்கே கறி சாப்பிடாததைச் சாதிச் சுத்தத்தோடு கட்டி வைத்து, அதைக் காட்டி வீடு வாடகைக்குத் தர மறுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நான் பேசும் தாவர உணவு, அதாவது கறி, முட்டையோடு பாலும் தயிரும் நெய்யும் இல்லாத சாப்பாடு, அந்தக் கூட்டத்தில் சேராது. நெய்யும் பனீரும் பால்கோவாவுமாக நடக்கும் ஒரு சைவ விருந்து, பூமிக்கு ஏற்றும் சுமையில் கோழிக்குழம்புச் சாப்பாட்டைவிடக் குறைவாகவே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சத்துணவில் தரும் முட்டையை நிறுத்தச் சொல்வதும் என் வாதம் இல்லை, அந்த முட்டைக்குப் பின்னால் எத்தனை குழந்தைகளின் ரத்தமும் வளர்ச்சியும் இருக்கிறது என்று தெரியும். தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. பக்கத்து வீட்டுச் சட்டியை எட்டிப் பார்க்காதீர்கள்.

சரி, செய்முறைக்கு வரலாம்.

படி 1: ஏற்கெனவே இருப்பதை எண்ணுங்கள்

ஒரு வாரம் வீட்டில் சமைத்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். இட்லி, தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி, இடியாப்பம், புளியோதரை, வத்தக்குழம்பு, ரசம், பொரியல், அடை, சுண்டல், கம்பங்கூழ் என்று பாதிக்கு மேல் ஏற்கெனவே முழுத் தாவர உணவாகவே இருக்கும், மேலே ஊற்றும் ஒரு கரண்டி நெய்யைத் தவிர. காலையும் இரவும் பெரிய மாற்றம் தேவைப்படாது. மாற வேண்டியவை மூன்றுதான்: காபிக்கும் டீக்கும் ஊற்றும் பால், மதியத் தயிர், ஞாயிற்றுக்கிழமைக் கறி. இந்த வரிசையில் போகாதீர்கள். பலர் காபியில் தொடங்கி மூன்றாம் நாளே மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குங்கள், காபி கடைசியில் வரட்டும்.

படி 2: ஞாயிற்றுக்கிழமை

கறியில் நாம் விரும்புவதில் பாதி மசாலாதான். சோம்பு, மிளகு, கல்பாசி, பட்டை வறுத்து அரைத்த வாசனைக்கு எதைப் போட்டாலும் வீடு மணக்கும். மீதிப் பாதி மெல்லும் சுகம், அதற்கு மீல் மேக்கர் இருக்கிறது. மீல் மேக்கர் பிடிக்காது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டது சரியாகப் பிழியாததை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி இரண்டு மூன்று முறை நன்றாகப் பிழியுங்கள், பச்சை வாடை முழுவதும் அதில் போய்விடும். அதன் பிறகு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறில் அரை மணி நேரம் ஊற வைத்து, சின்ன வெங்காயம் வதக்கிச் சுக்கா போடுங்கள்.

பிரியாணிக்குப் பிஞ்சுப் பலாக்காய். நறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பால் ஒட்டி அன்று முழுக்கத் தொல்லை. மீன் வறுவல் மசாலாவைச் சேனைக்கிழங்கில் தடவித் தோசைக்கல்லில் போட்டு எடுப்பது பல வீடுகளில் புரட்டாசி மாதத்துக்குத் தெரிந்த வித்தைதான், அதை மற்ற மாதங்களுக்கும் நீட்டினால் போதும். மீன்குழம்புப் புளியில் வாழைக்காயோ சேப்பங்கிழங்கோ போடலாம். பருப்பு உருண்டைக் குழம்பு எதற்கும் மாற்று இல்லை, அது தனியாகவே ராஜா.

ஒரே ஞாயிறில் முழு வீட்டையும் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் கறியும் பலாக்காயும் இரண்டும் இருக்கட்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு தாவரச் சமையலானால் ஞாயிற்றுக்கிழமைக் கறியில் பாதி குறைந்துவிட்டது என்று பொருள், அது சின்ன விஷயம் இல்லை.

படி 3: தயிர்

தமிழர்களுக்குக் கறியைவிடத் தயிரை விடுவதுதான் கஷ்டம். கடையில் விற்கும் தாவரத் தயிர் விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. வீட்டில் நிலக்கடலைத் தயிர் போடக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு கப் வறுக்காத நிலக்கடலையை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊற வையுங்கள். தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டரைக் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நைசாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கிடைத்த பாலைச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே ஐந்தாறு நிமிடம் கொதிக்க விடுங்கள், கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் அளவுக்கு ஆறியதும், கழுவிய பச்சைமிளகாயின் காம்புகள் ஏழெட்டை அதில் போட்டு மூடி வையுங்கள். காம்பு மட்டும் போதும், அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும். சென்னை வெப்பத்தில் எட்டு, பத்து மணி நேரத்தில் உறைந்துவிடும். முதல் தடவை கொஞ்சம் தளர்வாகத்தான் வரும். அதில் இருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் கெட்டியாக நிற்கும், அரைக்கும்போது பத்துப் பன்னிரண்டு முந்திரி சேர்த்தால் இன்னும் நன்று. வடித்த சக்கையைக் கொட்டாதீர்கள், அடை மாவிலோ பொரியலிலோ சேர்க்கலாம்.

வெறும் தயிராகச் சாப்பிட்டால் கடலை வாசனை தெரியும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துத் தயிர்சாதமாகப் பிசைந்துவிட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. மோர்க்குழம்பு வைக்கும்போது கொதிக்க விடாமல் நுரை கூடியதும் இறக்குங்கள். வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் முந்திரி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று உறுதியானால் தேங்காய்ப்பாலும் முந்திரியும் கலந்து இதே முறையில் போடலாம்.

படி 4: காபியும் டீயும்

சோயா பால் மிகச் சூடான டிகாஷனில் திரிந்துபோகும், எனவே டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடான சோயா பாலில் மெல்ல ஊற்றுங்கள். ஓட்ஸ் பால் அவ்வளவு திரியாது, விலைதான் கூடுதல். வெளியே கடைகளில் வரக்காபி, லெமன் டீ, இஞ்சி டீ, சுக்கு மல்லிக் காபி எங்கும் கிடைக்கும். ஃபில்டர் காபியை விடவே முடியாது என்றால் காலை ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். ஒரு டம்ளருக்காக மொத்தத் திட்டத்தையும் கைவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 5: சத்து விஷயத்தில் அலட்சியம் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பி12 வைட்டமின் தாவரங்களில் நம்பத்தக்க அளவில் கிடையாது. இட்லி மாவு புளிப்பதிலும், பழைய சோற்றிலும், சுருள்பாசியிலும் (ஸ்பைருலினா) தேவையான அளவு கிடைத்துவிடும் என்று சுற்றும் செய்திகளை நம்பாதீர்கள். பற்றாக்குறை மெல்ல வரும்: சோர்வு, கால் கை மரத்துப்போவது, மறதி. நரம்பில் ஏற்படும் சேதம் நாளானால் திரும்பாது. பால் குடிக்கும் சைவர்களிடமும் இந்தக் குறைபாடு நிறையவே இருக்கிறது. தாவர உணவுக்கு முழுவதும் மாறுகிறவர்கள் முதலில் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு மாத்திரை தொடங்கிவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அந்த மருந்து பி12 உடலில் சேர்வதையே குறைக்கும்.

புரதம் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம். ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, முப்பது கிராம் மீல் மேக்கரில் 15, ஐம்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 அளவுக்கு வரும். இட்லியும் சாதமும் தருவதைச் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடும். புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது, சாம்பார் சாதம் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. சிக்கல் எங்கே வரும் என்றால், சாம்பாரில் பருப்பைத் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு நீர்க்க வைக்கும் வீடுகளில். ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அட்டை இருந்தால் வாங்குங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. இரும்புச் சத்துக்குக் கீரையும் பயறும் சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடவே இருக்கட்டும், சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம், அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒமேகா 3 கொழுப்புக்கு வறுத்துப் பொடித்த ஆளிவிதை ஒரு ஸ்பூன் இட்லிப் பொடியில் கலக்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவரிடம் பேசிவிட்டே மாற்றம்.

தாவர உணவு என்றால் தட்டு நிறைய வெள்ளைச் சோறு என்று ஆகிவிடக் கூடாது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான பெரிய ஆய்வை முன்னின்று நடத்தியதே சென்னையில் உள்ள ஒரு ஆராய்ச்சி நிறுவனம். நெல்லுக்கும் மீத்தேன் உண்டு, நீர் தேங்கிய வயலில் இருந்து அது வருகிறது. வயலைக் காயவிட்டு மறுபடி நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் அதைக் குறைக்க முடியும், அது விவசாயியும் அரசும் செய்ய வேண்டியது. நாம் செய்யக்கூடியது, வாரத்தில் சில வேளை சாமை, வரகு, கம்பு, கேழ்வரகுக்கு மாறுவது.

படி 6: வெளியில் சாப்பிடும்போது

இட்லி, சாதா தோசை, வடை, பூரி, இடியாப்பம் தேங்காய்ப்பால், ஆப்பம் எல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்லாதவை. பொங்கலில் நெய் நிச்சயம். ரவா தோசையில் மோர் சேர்க்கும் கடைகள் உண்டு, பரோட்டா மாவில் முட்டையோ பாலோ இருக்கலாம், நானில் தயிர் இருக்கும். “எண்ணெய் போட்டுக் குடுங்க, நெய் வேண்டாம்” என்று சொன்னால் எந்த சர்வரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. இனிப்புக்கு எள்ளுருண்டை, கமர்கட்டு, அதிரசம், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்.

உறவினர் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “அத்தை, எனக்குத் தயிர் வேண்டாம், ரசம் ரெண்டு தடவை ஊத்துங்க” என்றால் சந்தோஷமாக ஊற்றுவார்கள். அங்கே போய் மீத்தேன் கணக்கு பேச வேண்டாம்.

படி 7: பயணங்களை எழுதிப் பாருங்கள்

இனி கார். சாப்பாட்டுக்குச் செய்ததையே இங்கேயும் செய்யுங்கள், ஒரு வாரத்தில் வண்டி எடுத்த எல்லாப் பயணத்தையும் தூரத்தோடு எழுதுங்கள். மளிகை, டியூஷன், மருந்துக்கடை, கோயில், ஜிம் என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் பயணங்கள்தான் எண்ணிக்கையில் முதலில் நிற்கும். ஒரு கிலோமீட்டருக்குள் நடை, நான்கு கிலோமீட்டர் வரை சைக்கிள், அதற்கு மேல் பஸ்ஸும் ரயிலும், எதுவும் முடியாத இடத்தில் ஆட்டோ. ஒரு வாரத்தில் சின்னப் பயணங்களை மட்டும் மாற்றுங்கள். அலுவலகத்துக்கு அப்புறம் வரலாம்.

தெருமுனைக் கடையிலும் தள்ளுவண்டியிலும் காய் வாங்குவதில் ஒரு நன்மை இருக்கிறது, தூக்கும் அளவுக்குத்தான் வாங்குவோம், ஃபிரிட்ஜில் அழுகுவது குறையும். பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது, காலையிலேயே போக வேண்டும்.

சைக்கிள் வாங்கினால் கியர் தேவையில்லை, சென்னை சமதளம். கூடை, கேரியர், மட்கார்டு, மணி, முன்னும் பின்னும் விளக்கு, நல்ல பூட்டு, இவ்வளவுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் மாநிலத்தில், பெரியவர்கள் சைக்கிள் ஓட்டினால் வசதி இல்லாதவர் என்று பார்க்கும் பார்வையை உடைக்க நாம் ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் எடுங்கள்.

படி 8: பஸ்ஸையும் ரயிலையும் சேர்த்துப் பழகுங்கள்

சென்னை பீச் முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் இருந்து ஓடுகிறது. இந்த நகரத்தின் தெற்குப் பக்கம் வளர்ந்ததே அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். இன்றும் அந்த முழுத் தூரத்துக்கும் சாதாரண டிக்கெட் 10 ரூபாய். கடற்கரையில் இருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். 2015இல் தொடங்கிய மெட்ரோ விம்கோ நகர் முதல் விமான நிலையம் வரையும், சென்ட்ரலில் இருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலைக்கும் சுமார் 54 கிலோமீட்டர் ஓடுகிறது, இரண்டாம் கட்டம் முடிந்தால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

முதலில் ஒரு சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ரோவில் 20 சதவீதம் கட்டணம் குறையும், 2025 ஜனவரியில் இருந்து மாநகர பஸ்ஸிலும் அதே அட்டை செல்லும், சில்லறைச் சண்டை ஒழிந்தது. தினம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு 1000 ரூபாய் மாத பாஸ் லாபம், ஏசி பஸ் தவிர மற்றதில் விருப்பம்போல் ஏறி இறங்கலாம். பெண்களுக்கு 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் இலவசம். இலவசம் என்பதால் அதில் ஏறக் கூச்சப்படும் நடுத்தர வர்க்கப் பெண்களிடம் ஒன்று சொல்ல ஆசை: நாமும் ஏறினால்தான் அந்த பஸ்கள் கூடும், நேரத்துக்கும் வரும். வசதி உள்ளவர்கள் விலகிப்போன எந்தப் பொதுச் சேவையும் இந்த ஊரில் நன்றாக இருந்ததில்லை.

உங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் நிற்கும் எல்லா பஸ் எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பெசன்ட் நகர், பெரம்பூருக்கு 29சி, தாம்பரம் பக்கம் 21ஜி, கோயம்பேட்டில் இருந்து ஓஎம்ஆர் பக்கம் 570 என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு எண் மனதில் இருந்தால் கார் சாவி தேடும் பழக்கம் தானாகக் குறையும். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் செயலியைப் போனில் வையுங்கள். ஒரு பஸ்ஸையே நம்பாமல் பஸ்ஸும் ரயிலும், ரயிலும் ஷேர் ஆட்டோவும் என்று இரண்டைக் கலந்து பாருங்கள். முதல் முறை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், அவசரம் இல்லாத நாளில் வழி பழகிவிட்டால் திங்கட்கிழமை பதற்றம் இருக்காது.

படி 9: பணக் கணக்கு போடுங்கள்

ஏழு லட்சம் கார்க் கடன், ஏழு வருடம், 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 11,200 ரூபாயைத் தாண்டும். நகரத்துக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால் 50 லிட்டர், கிட்டத்தட்ட 5000 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பார்க்கிங் எல்லாம் சேர்த்து மாதம் 3000 என்று வைத்தாலும் 19,000க்கு மேல். கணவன் மனைவிக்கு இரண்டு பாஸ் 2000, மாதம் முழுக்க ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் தாராளமாக 5000 ஒதுக்கினாலும் பாதிக்கும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் கூடுதல் வாடகை கொடுத்து ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பிடிப்பதுதான் என் பார்வையில் மிக நல்ல செலவு. வீட்டை மாற்றும்போது கார் பார்க்கிங் இருக்கிறதா என்பதற்கு முன் பஸ் நிறுத்தம் எத்தனை நிமிடம் என்று தரகரிடம் கேளுங்கள்.

இரண்டு கார் உள்ள வீடு ஒன்றை விற்கட்டும். ஒரு கார் உள்ள வீடு மூன்று மாதம் அதைத் தொடாமல் இருந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்கட்டும். மின்சாரக் கார் வாங்கினால் தீராதா என்று கேட்பார்கள், புகை குறையும், உண்மை. சாலையில் அடைக்கும் இடமும், நடப்பவர்களுக்கு உள்ள ஆபத்தும் அப்படியே இருக்கும். மின்சார பஸ்தான் எனக்குப் பெரிய செய்தி.

வயதான பெற்றோர், கைக்குழந்தை, மாற்றுத்திறனாளிகள், இரவுப் பணி முடிந்து தனியாக வரும் பெண்கள் ஆகியோருக்குக் கார் அல்லது டாக்சி தேவைப்படும் நேரங்கள் இருக்கும். தயங்காமல் எடுங்கள். தாழ்தள பஸ்கள் 2024இல் மீண்டும் வந்ததே மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டு நீதிமன்றத்தில் போராடிய பிறகுதான், இன்னும் போதாது. அவர்களுக்குக் காரே ஒரே வழியாக இருப்பது நகரம் திருத்த வேண்டிய குறை.

படி 10: நடைபாதையைக் கேளுங்கள்

தனி ஆளாக எவ்வளவு நடந்தாலும், நடக்க இடம் இல்லாத சாலையில் உயிரைப் பணயம் வைத்தே நடக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்பது அதில் உள்ளது. தி.நகர் தியாகராய சாலையில் 2019 நவம்பரில் திறந்த அகலமான நடைபாதை, இந்த ஊரில் இது சாத்தியம் என்பதற்குச் சாட்சி. உங்கள் தெருவில் நடைபாதையில் நிற்கும் வண்டி, உடைந்த பலகை, குறுக்கே நிற்கும் மின்பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள். வார்டு கவுன்சிலரிடம் 2014 கொள்கையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். கடைக்காரர்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் விரட்டுவது நோக்கமாக இருக்கக் கூடாது. அவர்கள் இருக்கும் தெருவில்தான் இரவு எட்டு மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

கடைசியாக, ஊருக்குப் போவது

காரை வைத்திருப்பதற்குப் பலர் சொல்லும் காரணம் தீபாவளி, பொங்கல். வருடத்தில் சில நாட்களுக்காக முழு வருடம் தவணை கட்டுவதற்குப் பதில் முன்பதிவு தேதியைக் காலண்டரில் குறியுங்கள். 2024 நவம்பரில் இருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. தென்மாவட்ட ரயில்களில் பண்டிகை நாள் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், எனவே பயணிகளின் பெயர்களை முந்தின இரவே கணக்கில் சேமித்து வைத்துவிடுங்கள். ரயில் கிடைக்காவிட்டால் அரசு விரைவுப் பேருந்து, கிளாம்பாக்கத்தில் இருந்து ஏற வேண்டியிருந்தால் வீட்டில் இருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழிக்குப் புளியோதரையும் வறுத்த வேர்க்கடலையும் கட்டிக்கொண்டால் ரயில் சாப்பாட்டில் பாலா, நெய்யா என்று விசாரிக்கும் வேலையும் இல்லை.